ஆஸ்துமாவுக்கு ஸ்காலர்ஷிப் தேடாதீங்க, ஹாஸ்டல் ரூமைப் பாருங்க

"வீசிங் இருக்கற ஸ்டூடண்ட்ஸுக்குன்னு தனியா ஸ்காலர்ஷிப் ஏதாவது இருக்கா?"

மே, ஜூன் வந்தா நம்ம சேனலுக்குத் தவறாம வர்ற கேள்வி இது. கேட்கறது பெரும்பாலும் படிக்கப்போற பையனோ பொண்ணோ இல்ல. வேலைக்குப் போய் ரெண்டு மூணு வருஷம் ஆன அண்ணன், இல்லன்னா அக்கா. அப்பாவோட வருமானம் போதாது, தம்பியோ தங்கையோ காலேஜ் சேரணும், சின்ன வயசுலேர்ந்தே இளைப்பு இருக்கு, ஹாஸ்டல்ல விடப் பயமா இருக்கு. இத்தனையும் சேர்ந்துதான் அந்த ஒரு வரிக் கேள்வியா வருது.

நேரா பதில் சொல்லிடறேன். மத்திய அரசுலயும் சரி, தமிழ்நாடு அரசுலயும் சரி, ஆஸ்துமாங்கற பேர்ல கல்வி உதவித்தொகை கிடையாது. "இருக்கு, ப்ராசஸிங் ஃபீஸ் ஐநூறு ரூபா அனுப்புங்க"னு வாட்ஸ்அப்ல வந்தா பிளாக் பண்ணிடுங்க. தேசிய உதவித்தொகை இணையதளத்துல விண்ணப்பிக்க ஒரு பைசா கட்டணம் கிடையாது.

மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகை கிடைக்காதான்னு அடுத்த கேள்வி வரும். 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 21 வகைக் குறைபாடுகள் பட்டியல் போட்டிருக்காங்க. தலசீமியா, ஹீமோஃபிலியா, சிக்கிள் செல்னு ரத்தம் சம்பந்தப்பட்டது மூணு இருக்கு. மூச்சு சம்பந்தப்பட்டது ஒண்ணுகூட இல்ல. அதனால ஏஐசிடிஇ கொடுக்கற 'சக்‌ஷம்' மாதிரி, 40 சதவீத ஊனச் சான்றிதழ் கேட்கற திட்டங்கள் எதுக்குள்ளயும் ஆஸ்துமா நுழையாது.

அப்போ என்ன பண்றது? என் கருத்து இதுதான். ஃபீஸுக்கான பணத்தை எல்லாருக்கும் திறந்திருக்கற வழக்கமான வாசல்கள்ல தேடுங்க. உங்க சம்பளத்துலேர்ந்து போற பணத்தை, எந்த ஸ்காலர்ஷிப்பும் கொடுக்காத மூணு விஷயத்துக்குத் திருப்புங்க: ரூம், மருந்து, இன்ஷூரன்ஸ்.

விருத்தாசலத்துல சீட் கிடைச்சா

கணக்கு புரியறதுக்காக ஒரு குடும்பத்தைக் கற்பனை பண்ணிக்குவோம். சொந்த ஊர் திண்டிவனம் பக்கம். அண்ணன் இன்ஜினியரிங் முடிச்சு ஒரகடத்துல வேலை, கைக்கு ₹32,000. தங்கை அரசுப் பள்ளியில பிளஸ் டூ முடிச்சிருக்கா, 18 வயசு. விருத்தாசலத்துல செராமிக் டிப்ளமோ கிடைக்குது. சின்ன வயசுலேர்ந்து வீசிங்.

விருத்தாசலம் தெரியாதவங்களுக்கு: கடலூர் மாவட்டம், மணிமுத்தாறு கரை, பழமலைநாதர் கோயில், ரயில் ஜங்ஷன், சுத்தி முந்திரித் தோப்பு. இதெல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அது பீங்கான் ஊர். செராமிக் தொழிற்பேட்டை இருக்கு, செராமிக் தொழில்நுட்பம் சொல்லிக்கொடுக்கற அரசுப் பயிலகம் இருக்கு. கார்த்திகைக்கு ஏத்தற பீங்கான் அகல், கொலு பொம்மை, கரண்ட் ஃப்யூஸ் கட்டை எல்லாம் அங்கேர்ந்து வருது.

வீசிங் இருக்கற பொண்ணு களிமண் தூசி இருக்கற படிப்புக்குப் போகலாமா? இது டாக்டர்கிட்ட கேட்க வேண்டிய கேள்வி, யூடியூப்ல கேட்க வேண்டியது இல்ல. ஆனா டாக்டர்கிட்ட என்ன கேட்கணும்னு தெரிஞ்சுக்க, தொழிலைப் பத்திக் கொஞ்சம் தெரிஞ்சிருக்கணும். மண்ணைத் தண்ணியில கரைச்சுக் கூழாக்கறது, அச்சுல ஊத்தறது, இதெல்லாம் ஈர வேலை. தூசி பறக்காது. தூசி வர்றது காய்ஞ்ச மூலப்பொருளை அரைக்கும்போதும் கொட்டும்போதும், காய்ஞ்ச பொம்மையோட ஓரத்தைத் தேய்ச்சு வழவழப்பாக்கும்போதும், சாயங்காலம் தரையை வெளக்குமாத்தால பெருக்கும்போதும்தான். அந்தத் தூசியில சிலிக்கா இருக்கு. வருஷக்கணக்கா உள்ள போனா வர்ற சிலிகோசிஸ் வேற நோய், அது ஆஸ்துமா இல்லாதவங்களுக்கும் வரும். ஆஸ்துமா இருக்கறவங்களுக்கு எந்தத் தூசியும் உடனடித் தொல்லை. அதனால "செராமிக் படிக்கலாமா வேணாமா"னு மொட்டையா கேட்காம, லேப்ல பெருக்கறாங்களா, ஈரத்துணியால துடைக்கறாங்களா, என்95 மாஸ்க் கொடுக்கறாங்களா, டிசைன், டெஸ்டிங் பக்கம் போக வழி இருக்கான்னு பார்த்துட்டு வந்து டாக்டர்கிட்ட சொல்லுங்க.

இப்ப ஃபீஸுக்கு வருவோம். அண்ணனுக்கு முதல்ல ஞாபகம் வர்றது முதல் பட்டதாரி சலுகைதான். அவர் படிச்சதே அதுலதானே. ஆனா குடும்பத்துல ஏற்கெனவே பட்டதாரி இருந்தா அடுத்தவங்களுக்கு அது கிடையாது. அந்தப் பட்டதாரி நீங்கதான். உங்களோட முடிஞ்சுபோச்சு.

தங்கைக்கு இருக்கற வாசல்கள் வேற. ஆறாம் வகுப்புலேர்ந்து அரசுப் பள்ளியில படிச்ச பொண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டம், 2022 செப்டம்பர்ல ஆரம்பிச்சது, மாசம் ₹1,000 அவ அக்கவுண்டுக்கே வரும். பையனா இருந்தா 2024 ஆகஸ்ட்ல வந்த தமிழ்ப் புதல்வன், அதே தொகை. ஏஐசிடிஇ அங்கீகாரம் இருக்கற காலேஜ்ல டிப்ளமோவோ டிகிரியோ சேர்ற பொண்ணுங்களுக்கு 'பிரகதி' இருக்கு: வருஷம் ₹50,000, குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள்ள இருக்கணும், ஒரு வீட்டுல ரெண்டு பொண்ணுங்க வரைக்கும் வாங்கலாம், தேர்வு மார்க் அடிப்படையில. சமூகப் பிரிவைப் பொறுத்து வர்ற போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை தனி. எதை வாங்கினா எதை வாங்க முடியாதுங்கறதை அந்தந்த வருஷ விதியில பார்த்துட்டு விண்ணப்பிங்க. இதுக்கெல்லாம் வருமானச் சான்றிதழ்தான் கேட்பாங்க, மூச்சுச் சான்றிதழ் யாரும் கேட்க மாட்டாங்க.

ஒரு விஷயத்தைப் பலரும் யோசிக்கறதில்ல. ஸ்காலர்ஷிப் ஒருதடவை வாங்கறது இல்ல, வருஷா வருஷம் புதுப்பிக்கறது. புதுப்பிக்க அடுத்த வருஷத்துக்குப் பாஸாகிப் போயிருக்கணும். பாஸாக அட்டெண்டன்ஸ் வேணும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில ரூம்ல பூஞ்சை பிடிச்சு, பதினஞ்சு நாள் வகுப்புக்குப் போக முடியாம ஆனா, லேப் ரெக்கார்டு போச்சு, அட்டெண்டன்ஸ் போச்சு, அந்த ₹50,000ம் ஆட்டம் காணுது. ஆக, ரூமுக்குச் செலவு பண்றது ஆடம்பரம் இல்ல. ஸ்காலர்ஷிப்பைத் தக்கவைக்கற செலவு அது.

ரூம் கணக்கு

ஹாஸ்டல் பார்க்கப் போனா நாம என்ன பார்க்கறோம்? வாடகை, சாப்பாடு, பஸ் ஸ்டாப் தூரம். வீசிங் இருக்கற பிள்ளைக்கு நான் பார்க்கச் சொல்றது வேற. மேல மாடியா, தரைத்தளமா? சுவத்துல ஓதம் இருக்கா? ஜன்னலுக்கு வெளிய என்ன இருக்கு: சூளையா, லாரி போற மண் ரோடா, மெஸ் அடுப்பா? மிளகாய் தாளிக்கற நெடி ரூம்வரைக்கும் வருதா? மெத்தை எத்தனை வருஷப் பழசு? பழைய மெத்தையில இருக்கற தூசிப்பூச்சி கண்ணுக்குத் தெரியாது, ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பி உட்கார வைக்கும். ஹாஸ்டல் மெத்தையைத் திருப்பிக் கொடுத்துட்டுப் புதுசா ஒண்ணு வாங்கி, ஜிப் வெச்ச உறை போட்டுக் கொடுங்க. பெட்ஷீட்டை வாரம் ஒருதடவை சுடுதண்ணியில துவைக்கச் சொல்லுங்க. கொசுவத்திச் சுருள் வேண்டவே வேண்டாம், கொசுவலை போதும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடற ரூம்மேட் இருந்தா முதல் வாரமே அன்பா பேசிடறது நல்லது. சண்டை ஆனப்புறம் பேசறது கஷ்டம்.

எல்லாத்தையும்விட முக்கியமான கேள்வி: ராத்திரி ஒன்பது மணிக்கு கேட் பூட்டினா சாவி யார்கிட்ட? ரெண்டு மணிக்கு மூச்சு முட்டினா வார்டனை எழுப்பற நம்பர் எது, 108 வந்தா கேட்டைத் திறக்கறது யார்? இதுக்கு உடனே பதில் சொல்ல முடியாத ஹாஸ்டல் ஆயிரம் ரூபா கம்மியா இருந்தாலும் வேண்டாம்னுதான் சொல்வேன்.

அந்த ஆயிரத்தையே கணக்குப் போடுவோம். மாசம் ₹1,000 வித்தியாசம்னா பத்து மாசத்துக்கு ₹10,000. ஒரே ஒரு தடவை தனியார் ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் படுத்தா, ஆக்சிஜன், நெபுலைசர், ரூம் வாடகை, நீங்க லீவு போட்டு ஒரகடத்துலேர்ந்து ஓடிவர்ற செலவு எல்லாம் சேர்ந்து அந்தப் பத்தாயிரம் காணாம போயிடும். விலை கம்மியான ரூம்தான் இங்க விலை அதிகம்.

மருந்துக் காசு

நம்ம வீடுகள்ல இன்ஹேலர்னாலே ஒரு பயம். "அதுல பழகிட்டா விடவே முடியாது"ம்பாங்க. பொண்ணா இருந்தா இன்னும் மோசம், "வெளிய தெரிஞ்சா கல்யாணத்துக்குச் சிக்கல்"னு பையில ஒளிச்சு வெச்சு அனுப்புவாங்க. ஹைதராபாத் மீன் மருந்துக்கு ஜூன் மாசம் குடும்பத்தோட டிக்கெட் போடறதுக்குத் தயங்காத வீடு, மாசாமாசம் இன்ஹேலர் வாங்கத் தயங்கும்.

இதுல ஒரு பணக் கணக்கும் இருக்கு. இழுப்பு வந்தப்ப மட்டும் அடிக்கற சால்ப்யூட்டமால் இன்ஹேலர் விலை கம்மி. உள்ளே இருக்கற அழற்சியைக் குறைக்கற ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் விலை கூட. அதனால நிறைய பேர் முதல் வகையை மட்டுமே வருஷக்கணக்கா வெச்சு ஓட்டறாங்க. உலக அளவுல ஆஸ்துமா சிகிச்சை வழிகாட்டி வெளியிடற ஜினா அமைப்பு, சால்ப்யூட்டமால் மாதிரி மருந்தை மட்டுமே நம்பி இருக்கறதை இனிப் பரிந்துரைக்க மாட்டோம்னு 2019லேயே சொல்லிடுச்சு. அப்படி இருந்தா மோசமான அட்டாக் வர்ற ஆபத்து அதிகம்ங்கறதுதான் காரணம். தங்கையோட பையில எந்த வகை இருக்குன்னு இந்த வாரமே கேளுங்க. முதல் வகை மட்டும்தான் இருக்குன்னா ஹாஸ்டல் சேர்றதுக்கு முன்னாடி டாக்டரைப் பார்த்துடணும். ஸ்பேசர் வாங்கிக் கொடுங்க, மருந்து தொண்டையில படியாம நுரையீரலுக்குப் போகும். எந்த அறிகுறி வந்தா எத்தனை பஃப், எப்போ ஆஸ்பத்திரின்னு ஒரு தாள்ல டாக்டரை எழுதித் தரச் சொல்லி, ஒரு பிரதியை ரூம்மேட்கிட்ட கொடுத்துடுங்க.

காசு எங்கேர்ந்து? புதுமைப் பெண் ஆயிரம் ரூபா வருதுல்ல, அதைத் தொடாதீங்க. எடுத்துக்காட்டுக்கு மாச மருந்து ₹400னு வெச்சாலும், அதுல மருந்து போக மிச்சம் ₹600 நிக்கும். மாஸ்க், செக்கப், ஆட்டோன்னு அது தனி அக்கவுண்டுல சேரட்டும். ரீசார்ஜுக்கும் டிரஸ்ஸுக்கும் வேற வழி பாருங்க. அரசு மருத்துவமனை மருந்தகத்துலயும் கேட்டுப் பாருங்க, மக்கள் மருந்தகத்துலயும் முதல்வர் மருந்தகத்துலயும் விலை பாருங்க. ஆனா ஸ்டாக் இல்லன்னு ஒரு மாசம் மருந்தை விட்டுட வேண்டாம்.

உங்க சம்பள ஸ்லிப்புக்குத் தங்கையைத் தெரியாது

சம்பளக்காரங்களுக்கு இதுதான் ரொம்ப எரிச்சலான பகுதி. கம்பெனி குரூப் இன்ஷூரன்ஸ்ல வழக்கமா மனைவி, பிள்ளைங்க, சில இடத்துல அப்பா அம்மா. தங்கை கிடையாது. ₹21,000க்குள்ள சம்பளம் வாங்கி இஎஸ்ஐயில இருக்கீங்களா? அங்கயும், உங்களுக்குக் கல்யாணம் ஆகாம, அப்பா அம்மா உயிரோட இல்லாம, தங்கை 18 வயசுக்குள்ள இருந்தாத்தான் அவ உங்க குடும்பம். வருமான வரியில மெடிக்கல் பிரீமியத்துக்கான 80டி: தங்கைக்குக் கட்டினா கழிவு இல்ல. கல்விக்கடன் வட்டிக்கான 80இ: தனக்கு, மனைவி அல்லது கணவருக்கு, பிள்ளைகளுக்கு, சட்டப்படி பாதுகாவலரா இருக்கற மாணவருக்கு. தங்கைக்கு இல்ல. குறிப்பிட்ட நோய்களுக்கான 80டிடிபி பட்டியல்ல ஆஸ்துமாவே இல்ல. (இதெல்லாம் 1961 சட்டத்து எண்கள். 2026 ஏப்ரல்லேர்ந்து புதுச் சட்டம், எண்கள் மாறும்.)

தமிழ்நாட்டுல எத்தனை வீட்டுல மூத்தவன் சம்பளத்துல இளையவங்க படிக்கறாங்க! நம்ம ஊர்ல குடும்பம்னா என்னன்னு வரிச் சட்டம் எழுதினவங்களுக்குத் தெரியலங்கறது என் பழைய புகார். ஆனா இதுக்காகத் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம். புதிய வரி முறையில 2025-26லேர்ந்து வருஷச் சம்பளம் 12.75 லட்சம் வரைக்கும் வரியே இல்ல. ₹32,000 வாங்கற அண்ணனுக்குக் கழிவு இருந்தாலும் ஒண்ணுதான், இல்லன்னாலும் ஒண்ணுதான். கழிவுக்காக முடிவெடுக்காதீங்க. கல்விக்கடன் வேணும்னா தங்கை பேர்லயே எடுங்க, ஹாஸ்டல் கட்டணமும் அந்தக் கடன்ல வரும். நடுவுல நீங்க பணம் கொடுத்து உதவினா அது உடன்பிறப்புக்குக் கொடுத்த அன்பளிப்பு, அவளுக்கு அதுல வரி இல்ல.

இன்ஷூரன்ஸ்ல மட்டும் தள்ளிப்போடாதீங்க. வருமானம் குறைவான குடும்பம்னா முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டையில தங்கை பேர் இருக்கான்னு முதல்ல பாருங்க. தகுதி இல்லன்னா, 18 வயசு முடிஞ்சதும் அவ பேர்ல சின்னதா ஒரு தனி ஹெல்த் பாலிசி எடுங்க. ஃபார்ம்ல ஆஸ்துமா இருக்குன்னு எழுதுங்க. மறைச்சா, க்ளைம் வர்ற அன்னைக்குப் பழைய பிரிஸ்கிரிப்ஷன் ஒண்ணு போதும், நிராகரிச்சுடுவாங்க. எழுதினா பிரீமியம் கொஞ்சம் கூடலாம், ஏற்கெனவே இருக்கற நோய்க்குக் காத்திருப்புக் காலமும் போடுவாங்க. ஐஆர்டிஏஐ 2024ல அந்தக் காத்திருப்பை அதிகபட்சம் 4 வருஷத்துலேர்ந்து 3 வருஷமா குறைச்சிருக்கு. இப்ப எடுத்தா அந்த மூணு வருஷமும் காலேஜ் காலத்துலயே பெரும்பாலும் கழிஞ்சிடும். வேலைக்குப் போனப்புறம் எடுத்தா கடிகாரம் அப்பதான் ஓட ஆரம்பிக்கும். இன்னொண்ணு, இது ஆஸ்பத்திரியில படுத்தா வர்ற பணம். மாசாந்திர இன்ஹேலருக்கு வராது. அதுக்குத்தான் அந்த ஆயிரம் ரூபா.

காலேஜ்கள் செய்ய வேண்டியது

ஆஸ்துமாவையும் ஊனப் பட்டியல்ல சேர்க்கணும்னு நான் கேட்கல. சதவீதம் போடற அன்னைக்குக் காலையில பதினொரு மணிக்கு மூச்சு நல்லாத்தான் இருக்கும். நோய் தலைகாட்டறது ராத்திரியில. அமெரிக்காவுல 2008ல சட்டத்தைத் திருத்தும்போது இதை யோசிச்சிருக்காங்க. விட்டுவிட்டு வர்ற நோயா இருந்தாலும், வந்திருக்கற நேரத்துல எவ்வளவு முடக்குதுங்கறதை வெச்சே பார்க்கணும்னு எழுதிட்டாங்க. அதனால அங்க ஒரு மாணவி டாக்டர் கடிதத்தோட போய் ஏசி ரூமோ புகை படாத ரூமோ கேட்கலாம். கேட்டது எல்லாமே கிடைக்கும்னு இல்ல, ஆனா கேட்க ஒரு ஜன்னல் இருக்கு.

நம்ம ஊர்ல புதுச் சட்டம் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ஹாஸ்டல் அட்மிஷன் ஃபார்ம்ல ஒரு வரி சேர்த்தா போதும்: "மூச்சுக் கோளாறு உண்டா? அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும்?" உண்டுன்னு எழுதறவங்களுக்கு ஓதமில்லாத ரூம், அடுப்புக்குத் தள்ளி. வார்டன் மேசையில ஒரு சால்ப்யூட்டமாலும் ஸ்பேசரும். "உண்டு"ன்னு எழுதினா சீட்டை மறுப்போம்னு ஒரு ஹாஸ்டல் நினைச்சா, அடுத்த வருஷம் எல்லாரும் "இல்ல"ன்னுதான் எழுதுவாங்க. அப்போ அந்த வரியால யாருக்கும் பிரயோஜனம் இருக்காது. அதனால மறுக்க மாட்டோம்ங்கறதையும் அதே ஃபார்ம்ல அச்சடிச்சாகணும். அரசுப் பயிலகங்களும் அரசு விடுதிகளும் ஒரு சுற்றறிக்கையில இதைச் செஞ்சுட முடியும். பட்ஜெட் ஒதுக்கீடுகூட தேவைப்படாது.

பிரகதிக்கு எப்படி விண்ணப்பிக்கணும், எந்த டாக்குமெண்ட் ரெடி பண்ணணும்னு அடுத்த வீடியோவுல ஸ்க்ரீன்லயே காட்டறேன். அதுக்குள்ள தங்கையோ தம்பியோ சேரப்போற ஹாஸ்டல் ஃபார்மை ஒருதடவை எடுத்துப் பாருங்க. அந்த ஒரு வரி அதுல இருக்கா, இல்லையான்னு எழுதுங்க.